ஆண்பால்

இரவு பதினொன்று இருபதுக்கு
பெலின்சோனாவிலிருந்து மகள் கேட்கிறாள்:
நாளை மத்தியானம் வந்தால் போதுமா?

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
போர்வையை விலக்குகிறேன்.
முழங்கால்களில் ஊதாவும் சாம்பலுமாய் வலைப்பின்னல்.
மாலை ஏழுக்கு அது பாதத்தோடு நின்றிருந்தது.
மூக்கு நுனி குளிர்ந்துவிட்டது.
சிறுநீர்ப் பையில் நேற்றிலிருந்து
கடுந்தேநீர் நிறத்தில் இரண்டு விரற்கடை.

நேரம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
மருத்துவர் சொல்வார்.
மருத்துவர் காலையில் வருவார்.
போன கார்த்திகையில் ஒரு மகனுக்கு
காலையில் வரலாம் என்று சொன்னவள் நான்தான்.
பூங்கொத்தோடு வந்தான்.
உறை கழற்றிய மெத்தையைப் பார்த்து நின்றான்.
பூக்களை என்னிடமே தந்துவிட்டுப் போனான்.

இப்பவே வெளிக்கிடுங்கோ, என்கிறேன்.
ஜெர்மனில் அது கட்டளைபோல் விழுந்தது.

ஏஷ்லிமான்.
முப்பத்தொரு வருடம் மலைப்பாதையில்
மஞ்சள் தபால் பேருந்து ஓட்டியவர்.
வலது கை போர்வையை நெருடுகிறது,
இல்லாத நூலைப் பிரிக்கிறது, எதையோ இழுத்துத் தள்ளுகிறது.
கியர் மாற்றுகிறார் என்று சொல்ல ஆசைதான்.
எல்லாக் கைகளும் இப்படித்தான் நெருடும்,
தையல்காரியின் கையும்
வங்கி மேலாளரின் கையும்.

என் ஜெர்மனைத் திருத்துவது அவர் பொழுதுபோக்கு.
டேர் கரண்டி, டி முள்ளுக்கரண்டி, டாஸ் கத்தி.
கரண்டி ஆண், முள்ளு பெண், கத்தி ரெண்டுமில்லை.
எந்த அறிவாளி பிரித்தான் என்று கேட்டால்
சிரிப்பார், சூப் நெஞ்சில் சிந்தும்.

இன்று காதருகே குனிந்து
வேண்டுமென்றே பிழையாய்ச் சொன்னேன்:
டாஸ் கரண்டி.
செவிதான் கடைசியில் போகும் என்பார்கள்.
காத்திருந்தேன்.
புருவம்கூட அசையவில்லை.
தாதியர் அறைச் சுவரில் ஒட்டிய
அறிகுறித் தாளில் இது இல்லை.

மூச்சு
ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, இறங்குகிறது,
நிற்கிறது.
எண்ணுகிறேன். பதினெட்டு.
அடுத்த முறை இருபத்தாறு.
முப்பத்தொன்றில்
நான் மூச்சுவிட மறந்திருந்தேன்.
அவர் விட்டார்.

எங்கட ஆட்களென்றால் இந்நேரம்
ஒரு கரண்டி பால் என்பார்கள்.
விழுங்க மறந்த தொண்டை இது.
குச்சி நுனிப் பஞ்சை ஆப்பிள் சாற்றில் தோய்த்து
உதட்டை மட்டும் நனைக்கிறேன்.

இரண்டரைக்கு ரெகுலா வந்தாள்,
வீட்டுச் செருப்பில் தைப் பனியோடு.
இது என்ன கரகரப்பு?
தொண்டையில் தேங்கிய நீர்.
அவருக்கு அது வலிக்கவில்லை,
கேட்கிற உங்களுக்குத்தான்.
நம்பினாளோ தெரியாது.
கை சில்லிட்டிருக்கு, இன்னொரு போர்வை தாங்கோ என்றாள்.
நெஞ்சு சுடுகிறது, போர்வை அவருக்குப் பாரம் என்றேன்.
ஆனாலும் கொண்டுவந்தேன்.
அவள் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலு பத்துக்குத் தாடை மட்டும் மூச்செடுத்தது.
கரையில் போட்ட மீன் என்று சொல்லமாட்டேன்,
மீனுக்கு அவசரம் உண்டு.
பிறகு எண்ணினேன்.
நூறைத் தாண்டியும் எண்ணினேன்.

தூன் ஏரிப் பக்க யன்னலைத் திறந்தேன்.
இங்கே அப்படித்தான்,
உயிர் வெளியே போக.

ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.
டாஸ் சாவு என்று தொடங்கிவிட்டேன்.
அமைதியாய் வந்தது என்று முடிக்க இருந்தேன்.
எங்கள் மொழியில் அது அஃறிணை,
நாக்கு பழகிய வழியே போய்விட்டது.

டேர், என்றாள் ரெகுலா,
அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பன்னிரண்டாம் அறையில் மணி அடித்தது.
லூத்தி அம்மாவுக்குக் குளிர்கிறதாம்.
யாரோ எங்கோ
யன்னலைத் திறந்துவிட்டார்களாம்.